கூதிர்காலத்துக்கு ஏற்ற நிறைவுணவு: சாமை அடைத்த பறங்கிக்காய்

உறுப்பினர் கல்விப் பாடம்

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் நம் முன்னோர் கூதிர்காலம் என்று வழங்கினர். மழையும் வாடையும் மாறி மாறி வரும் இப்பருவத்தில் பசி மிகுதி; நெசவாளர் இல்லங்களில் வருவாயோ குறைவு. பருத்தி நெய்யும் உறுப்பினர்கள் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதற்கு வெயில் கிடைப்பதில்லை. குழித்தறி உள்ள வீடுகளில் குழியில் ஈரம் ஊறி, மிதிகட்டையில் கால் வைக்க இயலாத நாள்களும் உண்டு. தறி நின்றால் கூலியும் நின்றுவிடும்.

பயிரிடும் உறுப்பினர்களுக்கோ இதுவே பொருள்கள் வீடு வந்து சேரும் காலம். சாமை அறுத்துக் களத்தில் அடிக்கப்படும். மானாவாரி நிலக்கடலை பிடுங்கி ஆயப்படும். வேலியோரத்திலும் எருக்குழி அருகிலும் ஆடியில் ஊன்றிய பறங்கிக் கொடிகளில் காய்கள் முற்றி நிறம் மாறும். ஆனால் எல்லாரும் ஒரே சமயத்தில் விற்க முற்படுவதால் விலை இறங்கிவிடுகிறது. கடனை அடைக்கும் அவசரத்தில் களத்திலேயே தானியத்தை அளந்து கொடுத்துவிட்டுப் பங்குனியில் அதே தானியத்தைக் கடையில் கூடுதல் விலைக்கு வாங்கும் குடும்பங்கள் பல. இவ்வாறு ஒரு தெருவில் பண்டம் மலிந்து கிடக்க, அடுத்த தெருவில் அடுப்பு மெலிந்து எரிகிறது.

இவ்விரு தெருக்களையும் இணைக்கக்கூடிய ஓர் உணவைப் பற்றியதே இந்தப் பாடம். முற்றிய பறங்கிக்காயைக் குடைந்து, அதனுள் சாமை அரிசி, மொச்சை, நிலக்கடலை, முருங்கைக்கீரை ஆகியவற்றைப் பக்குவப்படுத்தி நிரப்பி, ஆவியில் வேகவைப்பதே இவ்வுணவு. செங்கம் வட்டாரத்திலும் அதற்கு வடக்கே உயர்ந்து நிற்கும் ஜவ்வாது மலையிலும் விளையும் பொருள்களே இதற்குப் போதுமானவை. சமையல் முறையை மட்டும் கூறுவது பாடத்தின் நோக்கமன்று. விளைந்ததில் முதற்பங்கு நம் அடுப்புக்கும், அடுத்த பங்கு நம் சங்கத்தைச் சேர்ந்த மற்றோர் அடுப்புக்கும், எஞ்சியது சந்தைக்கும் செல்ல வேண்டும் என்னும் ஒழுங்கை ஓர் உணவின் வாயிலாக விளக்குவதே நோக்கம்.

1. பழைய துணைகளும் புதிய வரவுகளும்

செங்கத்தின் பழம்பெயர் செங்கண்மா என்பது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், இவ்வூரிலிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. இதனைப் பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். 583 அடிகளைக் கொண்ட அந்நூலில், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்களுக்கு வழியில் எந்தெந்த ஊரில் என்னென்ன உணவு கிடைக்கும் என்பது விரிவாகச் சொல்லப்படுகிறது. அவற்றுள் ஒன்று, மூங்கிலரிசியும் மேட்டு நிலத்து நெல்லரிசியும் அவரையும் புளியும் சேர்த்து ஆக்கிய கூழ். தானியம் ஒன்று, பருப்பினம் ஒன்று, சிறிது புளிப்பு என்னும் அமைப்பு இம்மண்ணில் சங்க காலம் தொட்டே வழங்கி வருகிறது என்பதற்கு இது சான்று. நாம் இன்று பயன்படுத்தும் மொச்சையும் அந்த அவரையும் தாவர இயல்படி ஒரே இனத்தைச் சேர்ந்தவையே.

பறங்கிக்காய் பின்னர் வந்தது. பெயரே அதனைக் காட்டிக் கொடுக்கிறது. கடல் கடந்து வந்த ஐரோப்பியரைப் பறங்கியர் என்று அழைத்த காலத்தில், அவர்கள் வழியாக வந்த காய்க்கும் அப்பெயர் அமைந்தது. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டுக் குகை ஒன்றில் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் வளர்த்த பூசணியின விதைகள் கிடைத்துள்ளன. அக்கண்டத்தின் பழங்குடி மக்கள் மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகிய மூன்றையும் ஒரே நிலத்தில் கலந்து பயிரிட்டனர். சோளத்தட்டையில் அவரைக் கொடி ஏறும். அவரையின் வேர் மண்ணுக்கு வளம் சேர்க்கும். பூசணியின் அகன்ற இலைகள் நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும். நிலத்தில் ஒன்றுக்கொன்று துணையாக நின்றவை உண்கலத்திலும் அவ்வாறே துணை நின்றன. நிலக்கடலையும் மிளகாயும்கூட அக்கண்டத்திலிருந்து வந்தவையே. இன்று நிலக்கடலை இல்லாத திருவண்ணாமலை மாவட்டத்தை நினைத்துப் பார்க்கவும் இயலாது.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வது நலம். நாம் சொல்லும் பறங்கிக்காயைச் சிலர் மஞ்சள் பூசணி என்பர். கொங்கு நாட்டார் அரசாணிக்காய் என்பர். மேல்தோலில் சாம்பல் பூத்து, உள்ளே வெண்மையாக இருக்கும் கலியாணப் பூசணி வேறு இனம். அது நீர்ச்சத்து மிகுந்தது, இவ்வுணவுக்கு ஏற்றதன்று.

காயின் உள்ளே தானியம் நிரப்பிச் சமைப்பதும் உலகிற்குப் புதிதன்று. ஆர்மீனிய நாட்டில் குளிர்காலத்தில் பூசணியினுள் அரிசியும் உலர்ந்த பழங்களும் இட்டு அடுப்புச் சூளையில் வைத்து எடுப்பர். அதற்குக் கபாமா என்று பெயர். நம் இல்லங்களிலும் கத்தரிக்காயையும் பாகற்காயையும் பிளந்து மசாலை அடைப்பது வழக்கந்தானே. அதே கைப்பழக்கத்தைச் சற்றுப் பெரிய காயில் காட்டுவதே இங்கு வேண்டுவது.

2. இதனை நிறைவுணவு என்பது ஏன்?

வயிறு நிறைவதும் உடல் நிறைவதும் வேறு வேறு. வெள்ளரிசிச் சோறும் நீர்த்த குழம்பும் வயிற்றை நிரப்பும். ஆனால் நாள் முழுவதும் தறி மிதிப்பவருக்கும் ஏர் பிடிப்பவருக்கும் அது போதாது.

சாமையின் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. மொச்சையில் அது மிகுதி. மொச்சையில் குறையும் வேறு சில கூறுகளைச் சாமை ஈடு செய்கிறது. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது உடல் அப்புரதத்தை நன்கு பயன்படுத்திக்கொள்கிறது. நிலக்கடலை புரதத்தோடு எண்ணெய்ச் சத்தையும் தருகிறது.

பறங்கியின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் கரோட்டின் என்னும் பொருள். உடல் அதனை உயிர்ச்சத்து ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. கண் பார்வைக்கும் குழந்தைகளின் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் அது இன்றியமையாதது. மங்கிய ஒளியில் நூல் இழை பார்த்து நெய்வோருக்கு இதனை வற்புறுத்திச் சொல்ல வேண்டியதில்லை. கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஆகையால் சிறிது எண்ணெயோடு உண்டால்தான் உடலில் நன்கு சேரும். கடலையும் தாளிப்பு எண்ணெயும் இங்கே சுவைக்காக மட்டும் சேர்க்கப்படவில்லை என்பதை அறிக.

முருங்கைக்கீரையில் இரும்புச் சத்து உண்டு. உண்ணும் சமயத்தில் எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்துகொண்டால் அது உடலில் சேர்வது எளிதாகும். மாறாக, உணவோடு தேநீர் பருகினால் அது குறையும். தறிக்கூடத்தில் தேநீர்ப் பழக்கம் மிகுந்திருப்பதால், உண்டபின் ஒரு மணி நேரம் கழித்துப் பருகுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இனி ஒரு சிறு கணக்கு. ஆறு பேருக்கான அளவில் சாமை அரிசி 300 கிராம், மொச்சை 150 கிராம், நிலக்கடலை 100 கிராம் சேர்க்கிறோம். சாமையில் நூற்றுக்கு 8, மொச்சையில் 20, கடலையில் 25 என்று சற்றுக் குறைவாகவே புரதத்தை மதிப்பிட்டாலும், முறையே 24, 30, 25 கிராம் கிடைக்கும். மொத்தம் 79 கிராம். ஆளுக்கு ஏறக்குறைய 13 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் வகுத்த அளவின்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் வேண்டும். ஆகவே ஒருவேளை உணவிலேயே நாள் தேவையில் கால் பங்கு கிடைத்துவிடுகிறது.

3. பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

பறங்கிக்காய்: காம்பு உலர்ந்து தக்கை போலாகியிருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தோலில் பதியக்கூடாது. இரண்டு கிலோ அளவுள்ள உருண்டைக் காயே அடைப்பதற்கு ஏற்றது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட இரகங்களுள் கோ 1 காய் ஏழெட்டுக் கிலோ வரை பருக்கும். கோ 2 காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோ அளவில் இருக்கும். பெங்களூரில் உருவான அர்கா சூரியமுகி இன்னும் சிறியது. வீட்டுச் சமையலுக்கென ஊன்றுவோர் சிறுகாய் இரகங்களையே நாடுவது நன்று. கிடைப்பது பெருங்காயாயின் அதனைக் குறுக்கே வளையங்களாக நறுக்கி, ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் பூரணத்தை வைத்து வேகவிடலாம்.

காயை வெட்டியதும் உள்ளிருந்து ஒரு துணுக்கை நாவில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் அக்காயை முழுவதும் எறிந்துவிடுக. பூசணியினத்தில் தோன்றும் அக்கசப்பு நஞ்சாகும், சமைத்தாலும் நீங்காது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும்.

சாமை: ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தொன்றுதொட்டுப் பயிரிட்டு வரும் தானியம் இது. மேல் உமி தானியத்தோடு இறுகப் பற்றியிருப்பதால், திரிகையில் உடைத்து உரலில் குத்திப் புடைத்து அரிசியாக்குவது பெண்களுக்குப் பெரும் உழைப்பு. அதற்கு அஞ்சியே பலர் சாமையை விற்றுவிட்டு வேறு அரிசி வாங்கத் தொடங்கினர். இப்போது உமி நீக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் மிகுதியாகத் தீட்டி வெண்மையாக்கிய அரிசியில் தவிட்டோடு சத்தும் போய்விடும். சற்றுப் பழுப்பாக இருப்பதே நல்லது. சாமைத் தவிட்டில் எண்ணெய் உண்டாதலால், குத்திய அரிசி நாள்பட்டால் சிக்கு வாடை வீசும். தானியமாகச் சேமித்து, ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவே அரிசியாக்கிக்கொள்வது அறிவுடைமை.

மொச்சை: காய்ந்த மொச்சையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைக்க வேண்டும். நன்றாகக் குழைய வெந்தாலன்றி அதனை உண்ணலாகாது.

நிலக்கடலை: இதில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. மழையில் பிடுங்கி ஈரத்தோடு குவித்த கடலையில் பூஞ்சணம் பிடிக்கும். அப்பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுப்பது. வறுத்தாலும் முற்றிலும் நீங்காது. சுருங்கியவை, நிறம் மாறியவை, கசப்பவை ஆகியவற்றைப் பொறுக்கி நீக்குக. அவற்றைக் கால்நடைகளுக்கும் இடாதீர்கள். நல்ல கடலையை விற்றுவிட்டுச் சொத்தையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. அச்சிக்கனம் பின்னர் மருத்துவச் செலவாக முடியும்.

4. வேண்டிய பொருள்கள் (ஆறு பேருக்கு)

பறங்கிக்காய், ஏறக்குறைய 2 கிலோ எடையுள்ளவை: 2
சாமை அரிசி: 300 கிராம்
காய்ந்த மொச்சை: 150 கிராம்
தோல் நீக்கிய நிலக்கடலைப் பருப்பு: 100 கிராம்
சின்ன வெங்காயம்: 150 கிராம்
பூண்டு: 10 பல்
இஞ்சி: ஒரு சிறு துண்டு
முருங்கைக்கீரை, ஆய்ந்தது: இரண்டு கைப்பிடி
காய்ந்த மிளகாய்: 5
மிளகு, சீரகம்: தலைக்கு ஒரு தேக்கரண்டி
மஞ்சள்தூள்: அரைத் தேக்கரண்டி
புளி: சிறு நெல்லிக்காய் அளவு
நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய்: 4 மேசைக்கரண்டி
கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை: தாளிக்க
கொத்துமல்லித் தழை, எலுமிச்சம்பழம், உப்பு: தேவையான அளவு

5. செய்முறை

முதற்படி: ஊறிய மொச்சையைச் சிறிது உப்பிட்டு மலர வேகவைத்து வடித்துக்கொள்ளவும். கடலையைச் செம்மையாக வறுத்துத் தோல் நீக்கி, ஒன்றிரண்டாக உடைத்து வைக்கவும். மிளகையும் சீரகத்தையும் வெறும் வாணலியில் சூடு காட்டிப் பொடித்துக்கொள்ளவும்.

இரண்டாம்படி: சாமை அரிசியைக் கல் நீங்க அரித்துக் கழுவி அரைமணி நேரம் ஊறவிடவும். ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு நீர் என்று அளந்து கொதிக்கவைத்து, அரிசியைப் போட்டு முக்கால் பதத்தில் இறக்கவும். விரலிடையில் நசுக்கினால் நடுவில் ஒரு புள்ளி வேகாமல் இருப்பதே சரியான பதம். முழுதும் வெந்துவிட்டால், காயினுள் இன்னும் வெந்து களியாகிவிடும். வெந்ததை அகன்ற தட்டில் பரப்பி ஆற்றவும்.

மூன்றாம்படி: காயைக் கழுவித் துடைத்து, காம்பைச் சுற்றி மூடி போல் வெட்டவும். கத்தியை உட்புறமாகச் சாய்த்து வெட்டினால் மூடி உள்ளே விழாமல் பொருந்தும். விதையையும் நாரையும் வழித்தெடுக்கவும். சதையைக் கரண்டியால் சுரண்டி, சுவர் ஒரு கட்டைவிரல் பருமன் இருக்குமாறு விட்டு நிறுத்தவும். சுரண்டிய சதையைப் பொடியாக நறுக்கி வைக்கவும். உட்புறம் உப்பு, மஞ்சள்தூள், சிறிது எண்ணெய் தடவிக் கால்மணி நேரம் கவிழ்த்து வைத்தால் மிகை நீர் வடிந்துவிடும்.

நான்காம்படி: வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளிக்கவும். நறுக்கிய வெங்காயம், தட்டிய பூண்டு, இஞ்சி ஆகியவற்றை இட்டு வதக்கவும். வெங்காயம் பொன்னிறமானதும் நறுக்கிய பறங்கிச் சதையையும் மஞ்சள்தூளையும் சேர்க்கவும். சதை குழையும் தறுவாயில் கெட்டியாகக் கரைத்த புளியை ஊற்றி, பச்சை வாடை போகக் கொதிக்கவிடவும். பறங்கியின் தித்திப்பைப் புளியும் மிளகும் சமன்படுத்தும். இவ்விரண்டையும் குறைத்தால் உணவு திகட்டும். பின்னர் முருங்கைக்கீரையைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, மொச்சை, கடலை, மிளகு சீரகப்பொடி, சாமை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, உப்புப் பார்த்து, கொத்துமல்லி தூவி இறக்கவும்.

ஐந்தாம்படி: பூரணத்தைக் காயினுள் தளர்வாக நிரப்பவும். மேலே இரண்டு விரல் இடம் இருக்கட்டும். சாமை இன்னும் மலரும். அழுத்தித் திணித்தால் காய் வெடிக்கும். ஒரு கை நீர் தெளித்து மூடியைப் பொருத்தி, நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டவும். நூல் சாயமும் கஞ்சியும் இடாத வெள்ளைப் பருத்தி நூலாக இருக்க வேண்டும். தறியில் கழிந்த சாயநூலை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

ஆறாம்படி: அகன்ற கொப்பரையில் நான்கு விரல் உயரம் நீர் விட்டு, உள்ளே ஒரு தாங்கியோ கழுவிய வைக்கோல் சும்மாடோ வைத்து, அதன்மேல் வாழையிலை பரப்பிக் காய்களை நிறுத்தவும். நீர் காயைத் தொடலாகாது. மூடி, நீர் கொதித்தபின் ஐம்பது நிமிடம் முதல் ஒருமணி நேரம் வரை வேகவிடவும். இடையில் நீர் வற்றினால் கொதிநீரையே ஊற்றவும். ஈர்க்கால் குத்திப் பார்த்தால் தடையின்றி இறங்க வேண்டும். எரிவாயு அடுப்பு உள்ளவர்கள் குக்கரில் வெயிட் போடாமல் இவ்வாறே ஆவியில் வேகவைக்கலாம்.

ஏழாம்படி: இறக்கியவுடன் வெட்டாமல் பத்து நிமிடம் ஆறவிடவும். விறகடுப்பு உள்ளோர் மேல்தோலில் எண்ணெய் தடவி, தணலுக்கு அருகில் சுற்றிச் சுற்றித் திருப்பி வைத்தால் மேலீரம் காய்ந்து மணம் கூடும். பின்னர் நூலை நீக்கி, ஒரு காயை மூன்று பேருக்கு என்று நீளவாக்கில் துண்டமிட்டு, பூரணத்தோடு இலையில் வைத்து எலுமிச்சை பிழிந்து பரிமாறவும். மிளகு இரசமும் மோரும் இதற்கு நல்ல துணை.

6. கழிவின்மையும் காப்பும்

வழித்தெடுத்த விதைகளை எறிய வேண்டா. கழுவி உலர்த்தி வறுத்தால் புரதமும் எண்ணெயும் நிறைந்த தின்பண்டமாகும். மறுபட்டத்துக்கு விதை வேண்டுவோர், நோயற்ற கொடியின் நடுப்பகுதியில் முற்றிய காயிலிருந்து எடுத்து, நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைக்கவும். அருகருகே வெவ்வேறு இரகங்கள் ஊன்றப்பட்டிருந்தால் மகரந்தம் கலந்து காயின் இயல்பு மாறக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்க. மெல்லிய தோல் வெந்தபின் உண்ணத் தக்கதே. கடினமான தோலை மாட்டுக்கு இடலாம்.

முற்றிய பறங்கி நெடுநாள் கெடாதிருப்பது அதன் தனிச்சிறப்பு. பறிக்கும்போது நான்கு விரல் காம்பு விட்டு அறுக்க வேண்டும். காம்பு முறிந்த இடத்தின் வழியேதான் அழுகல் நுழையும். தோலில் கீறல் படலாகாது. சில நாள் காற்றோட்டத்தில் ஆறவிட்டு, வைக்கோல் பரப்பிய பரணிலோ உறியிலோ ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். ஐப்பசியில் மலிவாகக் கிடைக்கும் காய் தை மாதம் வரை சமையலுக்கு உதவும். ஆனால் வெட்டிய காயையும் அடைத்து வேகவைத்த காயையும் அன்றன்றே முடித்துவிட வேண்டும். மழைக்கால ஈரத்தில் அவை விரைவில் புளித்துவிடும்.

நீரிழிவு உடையவர்கள் சாமை என்பதனால் அளவின்றி உண்ணலாம் என்று எண்ணுதல் தவறு. சாமையும் பறங்கியும் மாவுச்சத்து உடையவையே. பூரணத்தில் மொச்சையையும் கீரையையும் கூட்டி, துண்டத்தின் அளவைக் குறைத்துக்கொள்க.

7. சங்கம் செய்யக்கூடியவை

கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளாக உலகம் போற்றும் இங்கிலாந்து நாட்டு ராச்டேல் உறுப்பினர்கள், 1844 டிசம்பர் 21-ஆம் நாள் தங்கள் சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் பலர் நெசவாளர்கள். ஆயினும் அக்கடையில் முதன்முதலில் அவர்கள் விற்பனைக்கு வைத்தது துணியன்று. மாவு, ஓட்ஸ் தானியம், வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி ஆகியவையே. கூலி குறைந்த காலத்தில் கலப்படமற்ற உணவைச் சரியான எடையில் பெறுவதே தங்கள் முதல் தேவை என்று அவர்கள் கண்டனர். நம் மாநிலத்தில் 1904-இல் திரூரில் தொடங்கிய கடன் சங்கம் முதல் இன்றுவரை கூட்டுறவு பல துறைகளில் கிளைத்துள்ளது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நெசவாளரின் துணியைச் சந்தைக்குக் கொண்டுசெல்கிறது. மலைப்பகுதிகளில் பழங்குடியினருக்கெனப் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. ஆயினும் மலையில் விளையும் சாமை அடிவாரத்து நெசவாளர் வீட்டுக்கு நேரே வந்து சேரும் வழி இன்னும் போதிய அளவு அமையவில்லை. சங்கங்கள் கருதத்தக்க செயல்கள் சில வருமாறு.

முதலாவது, அறுவடைக் காலத்திலேயே நெசவாளர் உறுப்பினர்களின் தேவையைக் கேட்டுத் தொகுத்து, அவ்வளவு சாமையையும் கடலையையும் பறங்கியையும் பயிரிடும் உறுப்பினர்களிடமிருந்து நியாய விலைக்கு எடுத்தல். மழை நாள்களில் பொருளாகக் கொடுத்து, தறி ஓடும் மாதங்களில் கூலியிலிருந்து சிறு தவணைகளாகப் பெற்றுக்கொள்ளலாம். இரு தரப்புக்கும் எடைச்சீட்டும் கணக்கும் இருக்க வேண்டும். கணக்கில்லாத உதவி நெடுநாள் நிலைப்பதில்லை.

இரண்டாவது, உமி நீக்கும் இயந்திரம் ஒன்றைச் சங்கங்கள் கூட்டாக அமைத்தல். நூறு பங்குச் சாமைத் தானியத்தில் ஏறக்குறைய 60 முதல் 70 பங்கு அரிசி கிடைக்கும். உமியோடு விற்பதற்கும் அரிசியாக விற்பதற்கும் உள்ள விலை வேற்றுமை உறுப்பினருக்கே வந்து சேரும். உரல் இடிக்கும் பெண்களின் உழைப்பும் மிச்சமாகும்.

மூன்றாவது, நல்ல விதை. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் உள்ளது. ஏடிஎல் 1 என்னும் சாமை இரகம் 2019-இல் வெளியிடப்பட்டது. சங்கத்தின் வாயிலாக விதையும் அறிவுரையும் கேட்டுப் பெறலாம்.

நான்காவது, ஆண்டுப் பேரவை நாளில் இவ்வுணவைச் சமைத்து எல்லாரும் ஒரே பந்தியில் உண்ணுதல். பயிரிட்டவர் காய் கொண்டுவரட்டும். நெய்தவர் நூல் கொண்டுவரட்டும். ஆண்களும் அடுப்பருகே நின்று கற்கட்டும். ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகவும் 2025-ஐக் கூட்டுறவு ஆண்டாகவும் அறிவித்துச் சிறப்பித்தது. அவ்வாண்டுகள் கழிந்துவிட்டன. அவற்றின் பயன் நம் இல்லங்களில் நிலைபெறுவது, ஆண்டுதோறும் கூதிர்காலத்தில் நாம் அடுப்பில் ஏற்றுவதைப் பொறுத்தது.

8. கூடிப் பேசுவதற்கான வினாக்கள்

(1) சென்ற அறுவடையில் உங்கள் வீட்டில் விளைந்த தானியத்தில் எத்தனை பங்கு விற்கப்பட்டது? அதே பொருளைப் பின்னர் விலைக்கு வாங்கியதுண்டா? இரண்டு விலைகளையும் எழுதி ஒப்பிடுக.

(2) மேலே கண்ட பொருள்களுள் உங்கள் ஊர் எல்லைக்குள் விளைபவை எவை? கடையில் வாங்க வேண்டியவை எவை?

(3) மழைக்காலத்தில் எத்தனை நாள் தறி நின்றது? அந்நாள்களில் வீட்டுணவில் குறைந்த பொருள் எது?

(4) உங்கள் சங்கத்தில் நெசவாளர் உறுப்பினருக்கும் பயிரிடும் உறுப்பினருக்கும் இடையே பொருள் வழங்க ஒரு திட்டம் வகுப்பதாயின், எடை, விலை, தவணை ஆகியவற்றை எவ்வாறு அமைப்பீர்கள்? தீர்மான வடிவில் எழுதி அடுத்த கூட்டத்தில் முன்வைக்கவும்.

(5) பூஞ்சணம் பிடித்த கடலையையும் கசக்கும் பறங்கியையும் ஏன் உண்ணலாகாது என்பதை வீட்டிலுள்ள சிறுவர்களுக்கு விளங்குமாறு எடுத்துரைக்கவும்.